கார் கார்பெட்டில் நூல் பிரியாமல் துளையிட்ட அனுபவம்

இருக்கையின் போல்ட்டுக்குத் துளை போடுவதற்காக, 10 மில்லிமீட்டர் டிரில் பிட்டைப் புதிய கார்பெட்டின் மீது ஊன்றி மெஷினின் விசையை அழுத்திய மறுகணமே, பிட்டின் நுனி ஒரு நூலைக் கவ்விக்கொண்டது. விரலை எடுப்பதற்குள், ஓட்டுநர் இருக்கையின் முன்காலில் தொடங்கி கிளட்ச் மிதியின் பக்கமாக ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே நேர்க்கோட்டில் நூல் உருவிக்கொண்டு வந்து, பிட்டின் மேல் பம்பரக் கயிறுபோல் இறுகிவிட்டது. மெஷின் திமிறியதில் என் வலது மணிக்கட்டு இரண்டு நாள் வலித்தது. சுற்றியிருந்த நூலைக் கத்தியால் அறுத்தெடுத்து, துண்டுகளை வரிசையாக வைத்து அளந்து பார்த்தபோது ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் இருந்தது. 40 சென்டிமீட்டர் தடத்திலிருந்து ஒன்றரை மீட்டர் நூல் எப்படி வந்தது என்று யோசிக்கத் தொடங்கிய பிறகுதான், கார்பெட்டில் போடும் துளையும் அதற்கு அடியிலுள்ள தகட்டில் போடும் துளையும் இரண்டு தனித்தனி வேலைகள் என்பதும், ஒரே கருவியால் ஒரே மூச்சில் இரண்டையும் முடிக்க நினைத்ததே என் பிழை என்பதும் எனக்குப் புரிந்தது.

கார் பதினெட்டு ஆண்டு பழைய சிறிய ரகம். கடலூரில் பெண்ணையாற்றுக்கு அருகே, குண்டு உப்பலவாடிப் பக்கம் உறவினர் வீட்டு வாசலில் அதை நிறுத்தி வைத்திருந்தேன். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது காருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதையடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெண்ணையாற்றில் கரைபுரண்டு வந்தபோது, கதவின் கீழ் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது. எஞ்சினுக்குள் நீர் புகவில்லை என்பது மட்டுமே ஆறுதல். தண்ணீர் வடிந்ததும் இருக்கைகளைக் கழற்றிவிட்டு இரண்டு வாரம் வெயிலில் காய வைத்தும், கார்பெட்டின் மேற்புறம் காய்ந்ததே தவிர, அதற்கு அடியிலிருந்த ஃபெல்ட் என்ற அழுத்திய பஞ்சு விரிப்பு பிழிந்தால் சொட்டும் நிலையில்தான் இருந்தது. வண்டலின் நாற்றம் வேறு. ஃபெல்ட்டைத் தூக்கிப் பார்த்தபோது தரைத்தகட்டில் அங்கங்கே துரு பூக்கத் தொடங்கியிருந்ததால், பழையதை முழுவதுமாக எடுத்துவிட்டு, தகட்டைச் சுரண்டி ரெட் ஆக்சைடும் பெயின்டும் அடித்து, புதிய கார்பெட் போடுவது என்று முடிவு செய்தேன்.

கார்பெட்டை 22 கிலோமீட்டர் தள்ளியுள்ள புதுச்சேரிக்குப் போய் மீட்டர் கணக்கில் வாங்கி வந்தேன். கடையில் இரண்டு ரகங்களைக் காட்டினார்கள். ஒன்று, பஞ்சை அழுத்திப் பாயாக்கியதுபோல் இருக்கும் ஃபெல்ட் கார்பெட். மற்றொன்று, மேற்புறம் முழுவதும் சிறு சிறு வளையங்களாக நூல் எழுந்து நிற்கும் லூப் கார்பெட். லூப் ரகம் பார்வைக்கு நன்றாக இருந்தது, தூசியையும் அதிகம் காட்டவில்லை, அதையே வாங்கினேன். துளையிடுவதைப் பொறுத்தவரை இவ்விரண்டும் வெவ்வேறு சாதி என்பதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஃபெல்ட் ரகத்தில் வரிசை என்று ஒன்றும் கிடையாது. முள் வைத்த ஆயிரக்கணக்கான ஊசிகள் பஞ்சுப் படுகையை மேலும் கீழும் குத்திக் குத்தி இழைகளை ஒன்றோடொன்று பின்னிவிடுகின்றன. ஆகவே, அதில் டிரில் பிட்டை இறக்கினால் இழைகள் பிட்டில் சுற்றி ஒரு கொத்தாக வரும், துளையின் விளிம்பு நார்நாராக நிற்கும். அவ்வளவுதான், சேதம் அந்த இடத்தோடு நின்றுவிடும். லூப் ரகமோ அப்படியல்ல. அதில் ஒரு முதுகுத்துணி இருக்கும். பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நாடாக்களால் நெய்தது. ஊசி ஒவ்வொன்றும் ஒரு நூலை அந்தத் துணிக்குள் கீழிறக்கி, வளையம் விட்டு, மேலேற்றி, அடுத்த துளையில் மறுபடியும் இறக்கி, சுருளின் முழு நீளத்துக்கும் அறுபடாமல் தைத்துக்கொண்டே போகிறது. வளையங்களைத் தங்க வைப்பது பின்புறம் பூசப்பட்ட ரப்பர் பால் பூச்சு மட்டுமே. என் கார்பெட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று அல்லது நான்கு வளையங்கள் இருந்தன. வளையத்தின் உயரம் 4 மில்லிமீட்டர். ஏறி இறங்கும் நீளத்தைக் கணக்கிட்டால் ஒரு சென்டிமீட்டர் வரிசைக்குள் நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு நூல் ஒளிந்திருக்கிறது. ஒன்றரை மீட்டரின் கணக்கு இதுதான்.

டிரில் பிட் ஏன் வெட்டாமல் இழுக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரும்போ மரமோ தன் இடத்தில் அசையாமல் நிற்பதால் பிட்டின் வெட்டுவாய் அதைச் சீவி எடுக்கிறது. நூல் விலகிக் கொடுக்கும் பொருள். வெட்டுவாய் அதைத் தொட்டதும் அறுபடாமல் வளைந்து, பிட்டின் திருகுப் பள்ளத்துக்குள் போய்விடுகிறது. அந்தப் பள்ளம் சீவலை மேலே ஏற்றுவதற்காகவே அமைந்தது. எனவே நூலையும் அது விசுவாசமாக மேலே ஏற்றுகிறது. புதிய பிட்டாக இருந்தாலும் மழுங்கியதாக இருந்தாலும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. தகட்டுத் திருகாணியை நேரடியாகக் கார்பெட்டின் மேல் வைத்து முடுக்கினாலும் இதே கதைதான். அதன் மரையும் நூலைச் சுற்றும்.

உருவின நூலைக் கையில் வைத்துக்கொண்டு நான் முதலில் போனது, திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்கு அருகே செருப்புத் தைக்கும் ஒரு பெரியவரிடம். எங்கள் வீட்டுப் பைகளுக்கும் பெல்ட்டுகளுக்கும் பல ஆண்டுகளாக அவர்தான் துளை போட்டுத் தருகிறார். கார்பெட் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நூல சுத்த வுட்டா அது உன்னயே இழுத்துக்கிட்டுப் போவும் தம்பி, ஒரே அடியில அத்துடணும்” என்றார். தம் பெட்டியிலிருந்து வட்ட வாய் கொண்ட பஞ்ச் (சுத்தியலால் அடித்துத் துளையிடும் இரும்புக் கருவி) ஒன்றை எடுத்து, பழைய டயர் துண்டின் மேல் கார்பெட்டை வைத்து ஓர் அடி அடித்தார். சுத்தமான வட்டச் சில்லு ஒன்று பஞ்சின் வயிற்றுக்குள் ஏறிவிட்டது. விளிம்பில் ஒரு நூல்கூட எழவில்லை. அதைப் பார்த்த பிறகு அவசரப்படாமல், மிச்சத் துண்டுகளில் எல்லா வழிகளையும் ஒரு முறை சோதித்துவிட்டே காரில் கை வைப்பது என்று தீர்மானித்தேன்.

சோதனைக்கு முன் இழை எதனாலானது என்று தெரிந்துகொள்வது நல்லது. குறிப்பாகச் சூட்டால் துளையிட நினைப்பவர்களுக்கு. இதற்கு ஒரு தம்ளர் தண்ணீர் போதும். ஒரு துளி சோப்பு கலந்த நீரில் நாலைந்து நூல்களைக் காற்றுக் குமிழி இல்லாமல் நனைத்து விட்டால், பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், ஏனெனில் அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் 0.9 பங்குதான், நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கிவிடும். என்னுடையது மிதந்தது. பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகும். நைலான் 6 ரகத்துக்கு 220 டிகிரி வேண்டும், பாலியெஸ்டருக்கு 250 டிகிரிக்கு மேல். கம்பளியோ சணலோ கலந்திருந்தால் அது உருகாது, கருகும். அப்படிப்பட்ட கார்பெட்டுக்குச் சூட்டு வழி உதவாது.

சோதித்தவற்றில் முதலாவது, பெருக்கல் குறி வடிவில் கத்தியால் கீறி, நான்கு முனைகளையும் கீழே மடக்கிவிட்டுப் பிறகு டிரில் பிட்டை இறக்குவது. பலரும் செய்வது இதுதான். டிரில் நூலைத் தொடாதவரை இது வேலை செய்கிறது. ஆனால் கீறலின் ஒவ்வொரு முனையும் அறுந்த நூல் வரிசையில் முடிகிறது. நான் விரலால் ஒரு முனையைச் சுரண்டியபோது மூன்று வளையங்கள் எளிதாக வெளியே வந்தன. இதிலேயே உபயோகமான வேறொன்றைக் கவனித்தேன். நூல் வரிசை ஓடும் திசையிலேயே, இரண்டு வரிசைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் கத்தியை ஓட்டினால் முதுகுத்துணி மட்டுமே அறுபடுகிறது, நூல் ஏறத்தாழ ஒன்றுகூட அறுவதில்லை. அதே நீளத்துக்குக் குறுக்கே கீறினால் எத்தனை வரிசையைக் கடக்கிறதோ அத்தனை நூலும் அறுகின்றன. பெருக்கல் குறி என்பது நான்கு பக்கமும் குறுக்கே கீறுவதற்குச் சமம். கார்பெட்டைத் திருப்பி முதுகைப் பார்த்தால் வரிசையின் திசை தையல் கோடுகளாகத் தெளிவாகத் தெரியும். கத்தியை எடுக்கும் முன் அதைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இரண்டாவதாக, 25 வாட் சாலிடரிங் அயர்னால் உருக்கிப் பார்த்தேன். 5, 6 மில்லிமீட்டர் வரையிலான சிறு துளைகளுக்கு இது அழகாக வருகிறது. இழைகளின் நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டி, நூல் பிரிவதற்கே வழியில்லாமல் போகிறது. அதைவிடப் பெரிய துளைக்கு அயர்னை வட்டமாகச் சுழற்ற வேண்டியிருந்தது, வட்டம் கோணியது. எனவே பழைய தொலைக்காட்சி ஏரியலின் 10 மில்லிமீட்டர் குழாய்த் துண்டை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டி, சிவக்கும் முன்பே எடுத்து அழுத்தினேன். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. ஆறியதும் விளிம்பு கண்ணாடிபோல் இறுகி நின்றது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வெறுங்காலில் மிதித்தால் குத்துகிறது, ஒயர் உரசினால் அதன் மேலுறையைச் சீவக்கூடும், இரண்டு மூன்று முறை மடக்கினால் விரிசல் விடுகிறது.

சூட்டு வழியில் போகிறவர்கள் கார்பெட்டைக் காரிலிருந்து வெளியே எடுத்து, திறந்த வெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். பெட்ரோல் குழாயும் இருக்கை ஸ்பாஞ்சும் உள்ள இடத்துக்குள் சூட்டுக்கோலோடு உட்காருவது அறிவுடைமை அன்று. கார்பெட்டின் முதுகில் பி.வி.சி. பூச்சு இருந்தால் கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். அடியில் பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தால் அதன் புகை இன்னும் கெட்டது. ஸ்பாஞ்ச் ஒட்டிய ரகத்துக்குச் சூடே வேண்டாம் என்பேன்.

டிரில்லை எதிர்த்திசையில் சுழல விட்டு அழுத்திப் பார்க்கவும் செய்தேன். நூலை இழுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வெட்டவும் இல்லை. உராய்வுச் சூட்டில் இழை பிசுபிசுத்து, ஒரு கசங்கிய குழிதான் கிடைத்தது.

கடைசியாகப் பஞ்ச். கடலூரில் ஹார்டுவேர் கடையிலேயே தொகுப்பாகக் கிடைத்தது. புதிய பஞ்சின் வாய் பார்வைக்குக் கூராகத் தெரிந்தாலும் கார்பெட்டுக்குப் போதவில்லை. முதல் அடியில் பாதி வட்டம் மட்டும் அறுந்து, மீதி வட்டத்தில் நூல்கள் நசுங்கி நின்றன. 400 எண் உப்புத்தாளைக் கண்ணாடியின் மேல் வைத்து, பஞ்சின் வெளிச்சரிவை மட்டும் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தேன். உள் வாயைத் தேய்த்தால் வட்டத்தின் அளவே மாறிவிடும். அடுத்தது, அடியில் வைக்கும் கட்டை. இரும்பின் மேல் வைத்தால் பஞ்சின் வாய் மடங்கும்; பலகையின் மேல் வைத்தால் பலகை அமுங்கி, நூல் அறுபடாமல் உள்ளே மடங்கும். மரவாடியில் குறுக்காக அறுத்த புளியங்கட்டைத் துண்டு ஒன்று வாங்கினேன். கறிக்கடைகளில் இருப்பதுபோல் நார்கள் செங்குத்தாக நிற்கும் முகம் மேலே இருக்க வேண்டும். பஞ்சின் வாய் அந்த நார்களுக்கு நடுவே இறங்கிக்கொள்ளும், மழுங்காது. சுத்தியல் ஒரு கிலோ எடையுள்ளது. தட்டித் தட்டி இறக்கக் கூடாது. ஒவ்வொரு தட்டலுக்கும் இடையே பஞ்ச் இம்மியளவு நகர்ந்துவிடும், வட்டம் இரட்டையாகும். பெரியவர் சொன்ன அதே ஓர் அடிதான் சரி.

பஞ்ச் போட்ட விளிம்பும் நாளடைவில் நூல் விடுமோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. அதனால் துளை வரப்போகும் இடத்தின் முதுகில், துளையைவிட இரண்டு விரற்கடை அகலமாகத் துணிக்கான ரப்பர் பால் பசையைத் தடவி, ஓர் இரவு காய விட்டு, மறுநாள் அந்தப் பசை வட்டத்தின் நடுவில் பஞ்சை இறக்கினேன். வெட்டிய பிறகு விளிம்பில் பசை பூசுவதற்கும் இதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. முன்னதில் பசை மேற்புற வளையங்களுக்கு வழிந்து பளபளக்கிறது. பின்னதில் பசை முழுவதும் முதுகிலேயே நின்று, அறுபடுவதற்கு முன்பே ஒவ்வொரு நூலின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. விளிம்பைச் சாமணத்தால் பிடித்து வேண்டுமென்றே இழுத்துப் பார்த்தேன்; நூல் நுனி பிய்ந்ததே ஒழிய வரிசை அசையவில்லை.

இனி துளையை எந்த இடத்தில் போடுவது என்ற கேள்வி. தகட்டில் ஏற்கெனவே உள்ள மரைத்துளைகளுக்கு நேராகக் கார்பெட்டில் துளை வர வேண்டும். கார்பெட்டோ மேடு பள்ளங்களில் வளைந்து படிவதால் டேப் வைத்து அளந்தால் தவறிவிடுகிறது. எட்டு பழைய போல்ட்டுகளின் தலையை வெட்டி, வெட்டிய முனையை அரத்தால் கூராக்கி, மரைத்துளைகளில் திருகி, தகட்டுக்கு மேலே 5 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்குமாறு விட்டேன். முனைகளில் குழைத்த சுண்ணாம்பைத் தொட்டு வைத்து, கார்பெட்டைப் பின்னிருந்து முன்னாக விரித்து, கையால் நன்றாகப் படிய வைத்த பிறகு ஒவ்வொரு முனைக்கு நேராகவும் மரச்சுத்தியலால் தட்டினேன். கார்பெட்டைத் திருப்பினால் கறுத்த முதுகில் எட்டு வெள்ளைப் புள்ளிகள். வெற்றிலைச் சுண்ணாம்பு இப்படியும் உதவும் என்று வீட்டில் சொன்னபோது யாரும் வியக்கவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் பழைய கார்பெட்டைப் பக்கத்தில் விரித்து ஒப்பிட்டேன்; இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இருக்கையின் கால் பதியும் இடங்களில் பழையதில் வெறும் போல்ட் துளை இல்லை. காலின் அடித்தகட்டு அளவுக்கே செவ்வகமாகக் கார்பெட் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. கால் நேராக இரும்பின் மேல் அமர்ந்திருக்கிறது. காரணம் எளியது. இருக்கைக்கும் தகட்டுக்கும் நடுவே கார்பெட்டும் ஃபெல்ட்டும் சிக்கினால், இன்று இறுக முடுக்கிய போல்ட் நாளை அந்தப் பஞ்சு அமுங்கியதும் தளர்ந்துவிடும். வலிமையில் 8.8 தரமுள்ள எம் 8 (8 மில்லிமீட்டர் விட்டமுள்ள) போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்குவிசை கொடுப்பது வழக்கம். அது நிலைத்து நிற்க வேண்டுமானால் இரும்பு இரும்பைத் தொட வேண்டும். ஆகவே நான் டிரில்லால் போட முயன்ற 10 மில்லிமீட்டர் துளை, சுத்தமாக விழுந்திருந்தாலும் தவறான துளைதான். நூல் உருவியதால் வந்த ஒரே நன்மை இதைக் கண்டுபிடித்ததே.

எட்டு இடங்களிலும் செவ்வகம் வெட்டினேன். நான்கு மூலைகளிலும் முதலில் 10 மில்லிமீட்டர் பஞ்சால் வட்டத் துளை போட்டு, பிறகு அந்த வட்டங்களைத் தொடுமாறு கட்டர் பிளேடால் நேர்க்கோடுகள் வெட்டினால், மூலையிலிருந்து கிழிசல் பரவ இடமிருக்காது. நீளப் பக்கங்களை நூல் வரிசையின் பள்ளத்திலேயே ஓட்டினேன். குறுகிய இரு பக்கங்களில் மட்டும்தான் நூல் அறுந்தது, அங்கே பசை தயாராக இருந்தது. பிளேடின் நுனியை நான்கு வெட்டுக்கு ஒரு முறை ஒடித்துப் புதுப்பித்தேன். ரப்பர் பூச்சு பிளேடை வெகு விரைவில் மழுக்கிவிடுகிறது. மழுங்கிய பிளேடு டிரில்லின் சின்னத் தம்பி.

சீட் பெல்ட்டின் கீழ்ப் போல்ட்டுகளுக்கும் இதே நியாயம்தான், இன்னும் கூடுதல் கண்டிப்போடு. பெரும்பாலான கார்களில் இவை 7/16 அங்குல யூ.என்.எஃப். (அங்குலக் கணக்கிலான நெருக்கமான) மரை கொண்டவை, ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் விட்டம். பெல்ட்டின் இரும்புக் கொண்டி தகட்டோடு நேராக அமர வேண்டும் என்பதால், கொண்டியைவிடச் சற்றே பெரிய 32 மில்லிமீட்டர் வட்டம் வெட்டினேன். அந்த அளவில் பஞ்ச் என்னிடம் இல்லை. பழைய இரும்புக் குழாய்த் துண்டின் வாயை லேத் பட்டறையில் சரிவாகச் சீவிக் கூராக்கி வாங்கி வந்து அதையே பஞ்சாகப் பயன்படுத்தினேன். இடப்பக்க வட்டத்தை அடித்தபோது கட்டையின் விளிம்பில் வைத்துவிட்டேன், ஓரிடத்தில் முழுமையாக அறுபடவில்லை; கத்தரிக்கோலால் முடித்தேன். ஏர்பேக் உள்ள கார் வைத்திருப்பவர்கள் இருக்கையைக் கழற்றும் முன் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டுச் சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பான் இருந்தால் அது ஏர்பேக்குடையது அல்லது மோதலின்போது பெல்ட்டை இறுக்கும் இழுப்பானுடையது. என் காருக்கு அந்தக் கவலை இல்லை.

பின்புறக் கேமராவின் ஒயர் கார்பெட்டுக்கு அடியில் ஓடி, கியருக்குப் பக்கத்தில் மேலே வர வேண்டியிருந்தது. அங்கே துளையே போடவில்லை. வரிசைப் பள்ளத்தில் 12 மில்லிமீட்டர் நீளக் கீறல் ஒன்று போட்டு, அதன் இரு முனைகளிலும் சாலிடரிங் அயர்னின் நுனியை ஒரு கணம் தொட்டு எடுத்தேன். ஒயர் வெளியே வந்ததும் வளையங்கள் மூடிக்கொண்டன; கீறல் எங்கே என்று இப்போது நானே தேட வேண்டும்.

இடது காலை ஊன்றிக்கொள்ள ஒரு கால்தாங்கி வைக்க ஆசைப்பட்டதால், தகட்டிலும் புதிதாக இரண்டு துளைகள் தேவைப்பட்டன. கடலோரத்தில் கார் வைத்திருப்பவன் தரைத்தகட்டில் துளை போடுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். தேவனாம்பட்டினத்துக் காற்று ஒரு கீறலைக்கூட விட்டுவைப்பதில்லை. முதலில் காரைத் தூக்கி நிறுத்தி, தாங்கிகள் வைத்து, அடியில் படுத்துப் பார்த்தேன். பின்னாலுள்ள டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாய்களும் எங்கே ஓடுகின்றன என்று தெரியாமல் மேலிருந்து பிட்டை இறக்குவதைவிட நூல் உருவுவது எவ்வளவோ மேல். குழாய்களிலிருந்து ஒரு சாண் தள்ளி இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். பிட் ஆழமாகப் பாயாமலிருக்க, ஒரு மரத்துண்டில் பிட்டை நுழைத்து, நுனி 8 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியுமாறு வைத்துக்கொண்டேன்.

ஒரு துளைக்குக் கார்பெட்டை விலக்கிவிட்டுத் தகட்டை மட்டும் துளைத்தேன். 3 மில்லிமீட்டர் பிட்டில் தொடங்கி 6.5 மில்லிமீட்டர் வரை. இரண்டாவது இடத்தில் கார்பெட் ஏற்கெனவே ஒட்டப்பட்டு விட்டதால் தூக்க முடியவில்லை. தரைத்தகட்டின் மேலேயே பஞ்சை வைத்து அடிக்கவும் மனம் வரவில்லை. அங்கே அந்த ஏரியல் குழாய் மறுபடியும் கைகொடுத்தது. அதன் வாயை அரத்தால் கூராக்கி, கையால் முறுக்கி முறுக்கி அழுத்தியபோது கார்பெட்டையும் ஃபெல்ட்டையும் அறுத்துக்கொண்டு தகட்டைத் தொட்டது. உள்ளேயிருந்த சில்லுகளைச் சாமணத்தால் எடுத்துவிட்டு, குழாயை அப்படியே நிறுத்தி, அதன் உள்ளே டிரில் பிட்டை விட்டேன். பிட் சுழன்றதெல்லாம் குழாய்க்குள்தான். நூல் அதன் கண்ணில்கூடப் படவில்லை. கார்பெட்டை எந்த விதத்திலும் தூக்க முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கால்தாங்கியின் போல்ட் நிற்கும் இடத்திலும் குழாயின் சிறு துண்டு ஒன்றைக் கார்பெட்டின் கனத்துக்கே அறுத்து உள்ளே நிறுத்திவிட்டேன்; போல்ட்டின் இறுக்கம் கார்பெட்டின் மேல் விழாமல் அந்தத் துண்டின் வழியே தகட்டுக்குப் போகிறது. இரண்டு துளைகளின் பிசிறையும் நீக்கி, இரும்புத் தூளைக் காந்தத்தால் திரட்டி, அடிவிளிம்பில் ரெட் ஆக்சைடு தொட்டு, அடியில் ரப்பர் வாஷரும் சீலன்ட்டும் வைத்து முடுக்கினேன். அந்தத் தூளை விட்டுவைத்தால் கார்பெட்டில் ஒரே மழைக்காலத்தில் துருக்கறை விழும்.

முதலில் உருவிய 40 சென்டிமீட்டர் தடத்தைச் சரி செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மிச்சத் துண்டிலிருந்து நீளமாக ஒரு நூலை வேண்டுமென்றே உருவி, கோணி ஊசியில் கோத்து, முதுகிலிருந்து பழைய ஓட்டைகள் வழியாகவே மேலேற்றி, ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு குச்சியை நுழைத்து உயரத்தைச் சமன் செய்து, பின்புறம் பசை தடவினேன். நூறு வளையங்களுக்கு மேல். பாதித் தடம் ரப்பர் மேட் விரிப்புக்கு அடியில் போய்விட்டது. மீதியைத் தெரிந்தவர்கள் மட்டுமே கண்டுபிடிக்க முடியும்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுவதும் கார் ஓடிவிட்டது. போன வாரம் இருக்கைகளைத் தளர்த்தி ஒவ்வொரு விளிம்பையும் பார்த்தேன். எட்டுச் செவ்வகங்களிலும் நூல் அசையவில்லை, போல்ட்டுகள் இறுக்கம் குறையவில்லை. சாலிடரிங் அயர்னால் போட்டு அப்படியே விட்டுவிட்ட ஒரு துளை மட்டும் பின்னிருக்கைப் பக்கம் விரிசல் விட்டிருந்தது. கத்தரிக்கோலால் முடித்த அந்த இடப்பக்கப் பெல்ட் வட்டத்தில் இரண்டு வளையங்கள் தலை தூக்கியிருந்தன. அவற்றை இழுக்காமல் விளிம்போடு நறுக்கி, தீக்குச்சி முனையில் பசையைத் தொட்டு வைத்து, மறுநாள் காலை வரை பெல்ட்டை மேலே கட்டி வைத்திருந்தேன்.